ஒட்டுப்போட்ட அடி

அந்த சப்-இன்ஸ்பெக்டரை நான் இன்னும் விடவில்லை. இதைப் படிக்கிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும். போனது போகட்டும், மனசை ஆற்றிக்கொள் என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்கள் யாருக்கும் அடிபட்ட அக்கா கிடையாது. எனக்கு இருக்கிறாள். அவளுடைய வலது மணிக்கட்டு இன்றைக்கும் முழுசாகத் திரும்பாது. தண்ணீர்ச் சொம்பை இடது கையால்தான் தூக்குகிறாள். அவள் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஆளை நான் மனசுக்குள் ஒரு தடவை கழுவிலேற்றுகிறேன்.

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவள். தாம்பரத்துக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவில், ஒரு மாவு மில்லின் மாடியில் எங்கள் ஸ்டுடியோ. கணவர் போட்டோ எடுப்பார். வீடியோ, ஹெலிகேம், எடிட்டிங் எல்லாம் நான். பேப்பர்காரர்கள் ட்ரோன் என்று எழுதுவதைத்தான் நாங்கள் ஹெலிகேம் என்போம். விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பகுதியில் அதைப் பறக்கவிட அனுமதி கிடைக்காது. ஆனால் ஹெலிகேம் இல்லாத கல்யாணத்தைப் பெண் வீட்டார் ஒரு கல்யாணமாகவே மதிப்பதில்லை. அதனால் மண்டபத்தின் மொட்டை மாடி உயரத்தைத் தாண்டாமல் அடக்கி ஓட்டுவோம். வண்டலூர் தாண்டி எங்காவது தோப்பில் கல்யாணம் என்றால் கொஞ்சம் தாராளமாக விடுவோம்.

எங்கள் தொழிலில் தவறிப்போன காட்சி என்று ஒன்று கிடையாது. தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் பெரியப்பா யாராவது எழுந்து கேமராவுக்குக் குறுக்கே முதுகைக் காட்டி நிற்பார். அவரை ஒன்றும் சொல்ல முடியாது. சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையை மறுபடி மணையில் உட்காரவைத்து, "தாலியைப் புடிச்சிக்கினு கட்டற மாதிரி கொண்டு போங்க தம்பி" என்று சொல்லி, கிட்டத்தில் இருந்து எடுத்து, கெட்டிமேளச் சத்தத்தின் மேல் ஒட்டிவிடுவோம். அதே மாப்பிள்ளை, அதே பெண், அதே தாலி. இதில் பொய் எங்கே இருக்கிறது? வீட்டில் போட்டுப் பார்க்கும்போது பெண்ணின் அம்மா சரியாக அந்த இடத்தில்தான் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். ஏரிக்கரைத் தெருவில் வீடு. அதே தெருக்கோடியில் இருந்த பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு, ஊட்டிவிட்டு, கால் கழுவிவிட்டு வளர்த்து அனுப்புவாள். அந்த வேலையில் அவளுக்கு இருந்த பெருமை கலெக்டருக்குக்கூட இருக்காது.

அந்தத் தெருவை ஒட்டிய ஏரியில் கழிவுநீர் லாரிகள் பட்டப்பகலில் வந்து குழாயைத் திறந்துவிட ஆரம்பித்தன. மனு கொடுத்து ஓய்ந்துபோன பெண்கள் கடைசியில் கரை ரோட்டில் லாரிக்குக் குறுக்கே உட்கார்ந்தார்கள். முதல் நாளே போலீஸ் வந்தது. வயிற்றில் முட்டியால் இடித்தார்கள், முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். கேட்டதற்கு, அப்படி எதுவும் நடக்கவில்லை, கலைந்து போகும்படி அன்பாகக் கேட்டுக்கொண்டோம் என்றார்கள். கையில் செல்போன் வைத்து எடுத்த இரண்டு பெண்களின் போன்களும் ஏரிக்குள் போய்விட்டன.

மறுநாள் அக்கா ஸ்டுடியோவுக்கு ஏறி வந்தாள்.

"உன் ஹெலிகேமை எட்த்துகினு வாடி. அத்த எவனும் புடுங்கி ஏரில போட முடியாதுல்ல? மேலர்ந்து ஒரு கண்ணு பாத்துகினு இருந்தா இவனுங்க கை நீளாது."

கணவர் தயங்கினார். நான் தயங்கவில்லை. அக்கா வீட்டுக்கு எதிரே பாதி கட்டி நின்ற ஒரு வீட்டின் மாடியில் இருந்து அன்றைக்கு அதை ஏற்றினேன். போலீஸ்காரர்கள் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தியதும் நடந்ததை என்னால் நம்ப முடியவில்லை. ஒருத்தர் தொப்பியைச் சரிசெய்தார். இன்னொருத்தர் சட்டையை உள்ளே செருகினார். பந்தியில் கேமரா வந்ததும் மெதுவாக மெல்ல ஆரம்பிக்கும் விருந்தாளிகள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். அந்த சப்-இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்துக் கையைக்கூட ஆட்டினார். லாரி திரும்பிப் போனது. யார்மேலும் ஒரு விரல் படவில்லை.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பெண்கள் உட்கார்ந்தால் நான் மாடியில் நிற்பேன். ஹெலிகேமுக்குக் குளவி என்று பேர் வைத்தார்கள். "குளவி ஏறிச்சு, ஒக்காருங்கடி" என்று அக்கா குரல் கொடுத்த பிறகுதான் சாலையில் பாய் விழும். நாலைந்து தடவை இப்படி நடந்தது. எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது, அதை மறைப்பானேன். போலீஸைவிட ஒரு இன்ச் பெரிதான அதிகாரத்தைக் கட்டைவிரலால் ஓட்டிக்கொண்டிருக்கிற தெம்பு.

சம்பவம் நடந்த அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். மூன்று லாரிகள் ஒன்றாக வந்திருந்தன, யாரோ பெரிய இடத்துச் சொல். அந்த சப்-இன்ஸ்பெக்டர் மேலே பார்த்துக் கத்துவது மாடிவரை கேட்டது.

"யார்ரா அது பொம்மை உடறது? எறக்கு. எறக்குன்றேன்ல?"

நான் இறக்கவில்லை. அக்கா முன்வரிசையில் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் இருந்து நேராக வந்திருந்ததால் ஒரு கையில் சாப்பாட்டுப் பை. இன்னொரு கையை வெயிலுக்கு மறைப்பாக நெற்றியில் வைத்திருந்தாள். என் கையில் இருந்த திரையில் இவ்வளவும் துல்லியமாகத் தெரிந்தது. பிறகு லத்திகள் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே எழுந்தன.

இங்கேதான் என் விரல்கள் எனக்குத் துரோகம் செய்தன. கெட்டிமேளம் கொட்டும்போது அட்சதை போட நூறு கைகள் ஒன்றாக மேலே எழும். அந்த நொடியில் ஹெலிகேமை உயர்த்தி, கேமராவைக் கூட்டத்தில் இருந்து மெல்ல நிமிர்த்தி, வானத்தைக் காட்ட வேண்டும். அதுதான் எல்லாக் கல்யாணத்திலும் எங்கள் முத்திரை ஷாட். பத்து வருஷமாகக் கைகள் எழுந்தால் என் விரல்களும் எழும். அன்றைக்கும் எழுந்தன. நான் நினைக்கவே இல்லை, அவை தானாகச் செய்தன. திரையில் ரோடு நழுவிக் கீழே போனது. ஏரி வந்தது, அக்கரையில் செல்போன் டவர் வந்தது, வானம் வந்தது. நாலு செகண்ட். பதறிப்போய்க் கேமராவைக் கீழே இறக்கியபோது அக்கா ரோட்டில் கிடந்தாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். சாப்பாட்டுப் பை நசுங்கிக் கிடந்தது. அந்த ஆள் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

ஆக, அடியை நான் பார்க்கவே இல்லை. அக்கா சொன்னாள், பக்கத்தில் இருந்த ஏழெட்டுப் பெண்கள் சொன்னார்கள், எக்ஸ்ரே சொன்னது. என் கேமரா மட்டும் அந்த நேரத்தில் அழகு பார்த்துக்கொண்டிருந்தது.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்து திரும்புவதற்குள் அக்காமேல் வழக்குப் பதிவாகியிருந்தது. அவள் கல்லெறிந்து சப்-இன்ஸ்பெக்டரின் நெற்றியைக் காயப்படுத்தினாளாம். ஓடும்போது தானாகத் தடுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாளாம். நெற்றியில் பிளாஸ்திரியோடு அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருக்கிற போட்டோ எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றியது. எத்தனையோ மணப்பெண்களின் மேக்கப்பைப் பார்த்தவள் நான். அந்த பிளாஸ்திரியும் மேக்கப்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அக்காவைக் கூப்பிட்டு, கேஸ் முடிந்து பேர் சுத்தமானதும் வாங்கம்மா என்று அனுப்பிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடம், கல்லெறிந்தவளை எப்படி வைத்துக்கொள்வது என்று பெற்றோர்கள் கேட்கிறார்களாம். அக்கா அன்றைக்கு அழவில்லை. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்க வைத்திருந்த துணிகளையெல்லாம் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

குரோம்பேட்டையில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தோம். அவர் வீடியோவை மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார். லத்தி எழுவதற்கு முந்தைய இடத்தில் நிறுத்தினார்.

"இங்க பாருங்க. ஒரு கையில பை, இன்னொரு கை நெத்தியில. சார் நெத்தியில அப்போ பிளாஸ்திரியும் இல்ல, ரத்தமும் இல்ல. நாலு செகண்ட் கழிச்சு அவர் திரும்பி நடக்கும்போதும் நெத்தி சுத்தமா இருக்கு. கல்லு எறிஞ்சதா சொல்றது பொய்னு இதுவே ப்ரூவ் பண்ணுது. அடி தெரியலன்னா பரவால்ல, கேஸ்ல இருந்து வெளிய வர இது போதும். ஒரே ஒரு விஷயம்மா, இதை நீங்க தொடவே கூடாது. எடுத்தது எடுத்தபடி, அந்த மெமரி கார்டோட எங்கிட்ட குடுங்க."

அக்காவின் முகத்தில் பல நாள் கழித்து ரத்தம் ஓடியது. எனக்கு மட்டும் அந்த 'போதும்' போதவில்லை. அக்கா தப்பித்தால் போதுமா? அவன் தப்பிக்கலாமா? (இதுவரை அவர் என்று எழுதியாயிற்று, அதுவே அதிகம்.) அவன் தொப்பி கழன்று, பெல்ட் கழன்று, தெருவில் நாலு பேர் பார்த்துச் சிரிக்க நடக்க வேண்டும். அவன் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலும் யாராவது அவனை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு வேண்டியது அது. கார்டை நாளைக்குத் தருகிறேன் என்று வக்கீல் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, கணவர் வெளியே போனதும் உட்கார்ந்தேன். அன்றைய பதிவு முழுவதையும் தோண்டினேன். அக்கா விழுந்து இரண்டு நிமிஷம் கழித்து, அதே ஆள் அதே லத்தியால் ரோட்டோரம் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அடிப்பது கிடைத்தது. ஆத்திரத்தோடு, தோளில் இருந்து இறங்குகிற முழு அடி. கிடைத்ததும் கைதட்டினேன், நிஜமாகவே கைதட்டினேன். ஆனால் அவன் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றிருந்தான். கண்ணாடியில் தெரிவது போல் இடவலமாகத் திருப்பிப் போட்டேன். நாற்காலி தெரிவதற்கு முன்பே வெட்டினேன். நாலு செகண்ட் வானத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இதை உட்காரவைத்தேன். லத்தி எழுகிறது, லத்தி இறங்குகிறது, அக்கா ரோட்டில் சுருண்டு கிடக்கிறாள். ஊசி நுழைய இடமில்லாத ஒட்டு.

கணவர் திரும்பி வந்து உடை மாற்றப் போகிற வழியில் திரையை ஒரு கண் பார்த்தார்.

"என்ன, திருப்பிப் போட்ட ஷாட்டா? எந்தக் கல்யாணம்?"

"வண்டலூர்ல எடுத்தது" என்றேன்.

அன்றைக்கு எனக்குக் குற்ற உணர்ச்சி ஏதும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆள், அதே லத்தி, அதே ரோடு. அடித்தது உண்மை, அடி விழுந்தது உண்மை. தாலியை ஒட்டியவளுக்கு இதை ஒட்டத் தெரியாதா? வேலை முடிந்ததும் கார்டை வழக்கம்போலச் சுத்தமாக அழித்து ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குப் பையில் போட்டேன். பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கையோடு கார்டை அழிப்பது எங்களுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. வக்கீல் அம்மாவிடம் ஒரு பென்டிரைவ் கொடுத்து, முன்னால் பார்த்தது சரியாகக் காப்பி ஆகவில்லை, முழுசாக இதில் இருக்கிறது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் நம்பினார். இன்னொரு காப்பி ஒரு டிவி நிருபருக்குப் போனது.

அப்புறம் நடந்தது எனக்குத் தீபாவளி. ராத்திரிச் செய்தியில் அவன் முகத்தைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டுக் காட்டினார்கள். மூன்றாம் நாள் அவனை ஆயுதப்படைக்குத் தூக்கியடித்தார்கள். நான் கேசரி கிண்டினேன். ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய், போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். லத்தி இறங்கிய இடத்தில் அவள் சட்டென்று மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு இத்த நான்கூட பாக்கலடி. கண்ண மூடிகினேன். இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

பொய்யான அடிக்கு அவள் உடம்பு நிஜமாக நடுங்கியது. நான் கேசரியை எடுத்து நீட்டினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீடியோவுக்குக் கீழே வந்து குவிந்த வசைகளை ஒவ்வொன்றாக அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவனை யார் யாரோ, எந்தெந்த ஊரில் இருந்தோ திட்டியிருந்தார்கள். அவ்வளவு சுகம் எனக்கு எந்தக் கச்சேரியிலும் கிடைத்ததில்லை.

தாம்பரம் கோர்ட்டில் அந்த வீடியோவை எடுத்துக்கொண்ட நாளில் அக்கா புதுப்புடவை கட்டி வந்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு லேப்டாப்பைத் திருப்பி வைத்து, லத்தி இறங்கும் இடத்தில் நிறுத்தினார். குரலை உயர்த்தவே இல்லை.

"மணி நாலு. சூரியன் மேற்க கீழ இறங்கிட்டிருக்கு. ரோட்டுல உக்காந்திருக்கிற எல்லா அம்மாங்க நிழலும் ஏரிப் பக்கமா விழுது. லாரி நிழலும் ஏரிப் பக்கம். இந்த ஒரு செகண்ட்ல மட்டும் எங்க சாரோட நிழல் வீட்டுப் பக்கமா விழுது. அடுத்த செகண்ட் மறுபடியும் ஏரிப் பக்கம். சூரியன் நடுவுல ஒரு எட்டு அந்தாண்ட போயிட்டு வந்துதா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மண்டபத்துக்குள் நாலு பக்கமும் விளக்கு வைத்து நிழலே விழாமல் எடுத்துப் பழகியவள் நான். ஒட்டுப்போடும்போது முகத்தைப் பார்த்தேன், சட்டையைப் பார்த்தேன், லத்தியைப் பார்த்தேன். தரையைப் பார்க்கும் பழக்கமே இல்லை.

ஒட்டாத பதிவு இருக்கிறது என்று நான் எழுந்து கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. அது எத்தனையாவது பதிவு என்று கேட்டார்கள். கார்டைக் கேட்டார்கள். அதில் அப்போது யாரோ ஒரு பெண்ணின் வளைகாப்பு இருந்தது. வக்கீல் அம்மா கோர்ட் வாசலில் என்னைத் திட்டக்கூட இல்லை. "நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு போனார். என்மேலும் ஒரு வழக்கு வந்தது. குளவியைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் மறுபடி காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து ஸ்டேஷனுக்கே வந்தான். ஏரிக்கு லாரிகளும் வந்தன. அடுத்த தடவை பாய் விரித்தபோது ரோட்டில் மூன்றே பெண்கள்தான் இருந்தார்கள். எந்த வீடியோவைக் காட்டினாலும், "இதுவும் கல்யாண கேசட்டா?" என்று போலீஸ்காரர்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கோர்ட் தேதிக்கு மட்டும் நான் போய் நிற்பேன், அவள் நிற்பாள், நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருக்கும். போன மாதம் அப்படி ஒரு தேதியில், சாட்சி சொல்ல வந்த அவன் வராண்டாவில் எங்களைக் கடந்து போனான். போனவன் நின்றான். என்னைப் பார்த்து நன்றாகப் பல் தெரியச் சிரித்தான்.

"சூப்பரா எடிட் பண்றீங்க மேடம். நம்ம வூட்லயும் ஒரு விசேஷம் வருது, சொல்லி அனுப்பறேன்."

எத்தனை மாதமாக இந்த ஆளுக்கென்று மனசுக்குள் வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தேன்! ஒன்றுகூட வரவில்லை. பேசியது அக்கா. வலது கையைத் தூக்கி, திரும்பாத அந்த மணிக்கட்டை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அவ ஒட்டுனது டிவில கீது சார். நீ அடிச்சது என் கைல கீது. இத்த இன்னான்னு சொல்லுவே?"

வராண்டாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சிரிப்பு அரைகுறையாக நின்றது. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டான். வராத போன் அது, எனக்குத் தெரியும். நெஞ்சு குளிர்ந்தது. அத்தனை நாள் ஒட்டியும் வெட்டியும் எனக்குக் கிடைக்காத பழி அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் இருந்தது, துணிந்து உட்கார்ந்தேன். "அவன் மூஞ்சிய பாத்தியாக்கா? செத்தான்" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அது எனக்காவ பேசுனது. உனக்கு இல்ல" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "அவன் என் கைய ஒடச்சான். அது ஒடஞ்சது ஒடஞ்சதுதான், போவுது. எம் பக்கம் நெஜம் இருந்துச்சுடி. கைல பையி, நெத்தில கையி, அவ்ளோதான். அத்த வெச்சிகினு நான் அப்பவே ஸ்கூலுக்கு போயிருப்பேன். இன்னிக்கு அந்த புள்ளைங்களோட அம்மாகிட்ட போயி நான் கல்லு எறியலன்னு சொன்னா, இதுவும் உன் தங்கச்சி பண்ணதான்னு கேக்கறாங்க. இத்த அவன் பண்ணல. நீ பண்ணே."

அவனை எப்படியெல்லாம் சந்தி சிரிக்க வைக்க நினைத்தேனோ, அப்படியே என் அக்காவை வைத்திருந்தேன்.

கண்டக்டர் எங்கள் சீட்டுக்கு வந்து நின்று, இரண்டு பேரையும் பார்த்து, "எத்தினி?" என்றார்.

அக்கா இடது கையை நீட்டினாள்.

"ஏரிக்கரை ஸ்டாப்பு. ஒண்ணு."